தூண் மறைவு

சர்ச்சில் அன்று புதுப் போதகரின் முதல் பிரசங்கம். மனைவி முன்வரிசைக்கு இழுக்க, பெரியவரோ நேரே தூணுக்குப் பின்னால் இருந்த பெஞ்சுக்கு நடந்தார்.

“ஏங்க, இங்கேர்ந்து மேடையே தெரியாதே!”

“நாமளும் அவர் கண்ணுல பட மாட்டோம். நிம்மதியா கண்ணை மூடலாம்.”

ஆராதனை தொடங்கும் முன்பே அங்கே அரைத்தூக்கத்தில் இருந்த தையல்காரர், இவரைக் கண்டதும் பதறி எழுந்தார்.

“நீ சர்ச் பக்கமே வர்றதில்லன்னு வீட்டுக்கே வந்து எத்தனை தடவை திட்டியிருக்கேன்!”

“வாராவாரம் இங்கதான் இருந்தேங்க ஐயா. சொன்னா இந்த இடமும் போயிடுமேன்னு பேசாம திட்டு வாங்கிக்கிட்டேன்.”

முப்பது வருடம் அந்த மேடையில் பிரசங்கித்துவிட்டு, போன வாரம்தான் ஓய்வுபெற்ற போதகர், வாய்விட்டுச் சிரித்தார்.

“சரி, தள்ளி உட்காரு. முடியும்போது எழுப்பிவிடு. உனக்குத்தான் நேரமெல்லாம் அத்துப்படி.”