காட்டு டிஸ்கஸுக்குக் கீரை

"வெறும் கறியும் ஈரலுமா? அதான் பயலுக எளைச்சுப் போறானுக!" சூசைமுத்து மாஸ்டர் மேசையைத் தட்டினார். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் வெள்ளிக் கோப்பைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. அத்தனையும் டிஸ்கஸில் வாங்கியவை என்பதை, வந்தவர் உட்காரும் முன்பே சொல்லி முடித்திருந்தார்.

வந்தவர் தோல் வியாபாரி பாரூக் ராவுத்தர். மண்டியில் அவர் செருமினால் ஆட்கள் எழுந்து நிற்பார்கள். இங்கே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, செருமலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் மீன்களைப் 'பயலுக' என்றது அவருக்குப் பிடித்திருந்தது. வளர்த்துப் பழகியவருக்குத்தானே அந்தப் பாசம் வரும்!

அவருடைய மகள் உம்மு சல்மாவுக்குச் சிங்கப்பூரில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தா ஒரு மீன் பைத்தியம். பெண் பார்க்க வந்தபோது, எங்கோ அமேசான் காட்டு ஆற்றில் பிடித்த தட்டு மாதிரியான மீன்களைக் கொடுத்து, "டிஸ்கஸ்னு பேரு. இதுகள வாடாம வளக்கிற வீட்ல வளந்த பொண்ணுதான் எனக்கு மருமக" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு அவர் வருகிறார். மீன்களோ வாடிக்கொண்டிருந்தன. "டிஸ்கஸ்னா திண்டுக்கல்லுல சூசைமுத்து மாஸ்டர்தாங்க, மாகாணத்துலயே பேரு" என்று மண்டிக் கணக்கர் சடையாண்டி வழிகாட்டிவிட்டார்.

"மாஸ்டர், இதுக நம்ம சம்பந்தி சிங்கப்பூர்லேர்ந்து..."

மாஸ்டர் கையை உயர்த்தினார். "டிஸ்கஸ்னு சொல்லிட்டீங்கள்ல? மிச்சத்த நான் பாத்துக்கிறேன். எந்தப் பக்கத்து உருப்படி?"

"காட்டுப் பக்கம். காட்டுலயே பொறந்து வளந்தது."

"பேஷ்! அப்படியாப்பட்டதுக்குத்தான் ஒடம்புல முறுக்கு இருக்கும். தோளு விரிஞ்சிருக்கா?"

மீனுக்குத் தோளா என்று ராவுத்தருக்கு ஒரு கணம் இடறியது. துடுப்பைத்தான் விஷயம் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்வார்கள் போலும். கேட்டால் தனக்கு ஒன்றும் தெரியாது என்றாகிவிடும். "முன்னல்லாம் விரிச்சுக்கிட்டு நிக்கும் மாஸ்டர், இப்ப ஒடுங்கிப் போச்சு" என்றார்.

"காய்கறி சேக்காத கொற. முருங்கக்கீர, அவரக்கா, பீட்ரூட்டு, எல்லாத்தையும் வேகவச்சு மசிச்சுக் குடுங்க."

"கீரையா? எங்க வீட்ல ஒருத்தரும் தொட மாட்டாகளே!"

"வீட்ல தொடாட்டிப் போகுது. டிஸ்கஸ் தொடணும்."

மறுநாளே ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து மூட்டையாகக் காய்கறி வந்து இறங்கியது. பிரியாணி மணந்துகொண்டிருந்த அடுப்படியில் ராவுத்தரின் மனைவி நசீம் பானு கீரை மசித்தாள். "யாவாரம் நொடிச்சுப் போச்சான்னு பக்கத்து வீட்ல கேக்குறாக. என்ன சொல்லட்டும்?" என்றாள்.

பச்சை உருண்டைகள் தொட்டியின் அடிக்குப் போய்க் கரைந்தன. மீன்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிறம் மங்கி, மூலையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன.

ராவுத்தர் மறுபடியும் ஓடினார். "தொடவே மாட்டேங்குது மாஸ்டர். மூலையில ஒண்டிக்கிட்டு நிக்குது."

"சோம்பேறித்தனம்! இம்புட்டு நாளா கறியக் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க. அத அடியோட நிறுத்துங்க. பின்னாடி நின்னு ஓங்கி ஒரு அதட்டுப் போடுங்க, தன்னால வழிக்கு வரும்."

அன்று மாலை ராவுத்தர் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றார். "ஏலே, தின்னுங்கலே! தின்னுறீகளா, இல்லையா?" தெருவில் போன ஜட்கா வண்டி நின்றது. மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. அவரும் அப்படியே செய்தார்.

வியாழக்கிழமை காலையில் ஒரு மீன் மல்லாந்து மிதந்தது. உம்மு சல்மா தொட்டியருகே வந்து நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"அத்தா, அவுக பாக்க வாரது என்னையா, இதுகளையா?"

ஊருக்கெல்லாம் பஞ்சாயத்துப் பேசும் ராவுத்தர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மதியம் மதுரையிலிருந்து டிரங்க் கால் வந்தது. சம்பந்திக்குப் பொறுக்கவில்லையாம், பிள்ளைகளைப் பார்க்க இன்றைக்கே காரில் கிளம்பிவிட்டாராம். எந்தப் பிள்ளைகளை என்று ராவுத்தர் கேட்கவில்லை. தன்னுடைய பிளஷர் காரை எடுத்துக்கொண்டு பறந்துபோய், மாஸ்டரைக் கையோடு கூட்டிவந்து கூடத்தில் நிறுத்தினார்.

"மாஸ்டர், மிஞ்சினதையாச்சும் காப்பாத்திக் குடுங்க. எம் மக வாழ்க்கை ஒங்க கையிலதான் இருக்கு."

"அதான் நான் வந்துட்டேன்ல?" மாஸ்டர் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டார். வாசலில் ஒரு கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நசீம் பானு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "யா அல்லா" என்று சுவரில் சாய்ந்தாள்.

மாஸ்டர் போகிற போக்கில் தொட்டியை ஒரு விரலால் தட்டினார். "மீனு அழகாத்தான் இருக்கு ராவுத்தரே, அத அப்புறமாப் பாப்போம்." கொல்லைக் கதவைத் திறந்து, வெளியே விரிந்து கிடந்த காலி இடத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அளந்து பார்த்துத் தலையாட்டினார்.

"பயலுகளக் கூப்பிடுங்க, டிஸ்கஸ் வட்ட எம்புட்டுத் தூரம் எறியிறானுகன்னு பாப்போம்!"