முக்காட்டு மாதா

திரையில் மாதா ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியதும் தங்கைக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"கீழ ஓடுற எழுத்தப் படிக்காத. மூஞ்சிய மட்டும் பாரு" என்றான் அண்ணன் ஜெரால்டு.

மூஞ்சியும் சரியில்லை.

தூத்துக்குடி வீட்டில் பொங்கல் விடுமுறைப் பகல். அண்ணன் பெங்களூரிலிருந்து இந்தப் புது வீடியோ கேமோடு வந்திருந்தான். முதல் பாகம் இருவரும் பள்ளிப் பிள்ளைகளாக இருந்தபோது ஆடியது. இரண்டாம் பாகம் வர இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

வராமலே இருந்திருக்கலாம்.

முதல் பாகத்தின் பெயர்கூட அப்போது இருவருக்கும் தெரியாது. கப்பலில் வேலை பார்த்த மாமா ஜப்பானிலிருந்து மெஷினோடு சேர்த்து வாங்கி வந்தது. அட்டை முழுக்க ஜப்பான் எழுத்து. பேய்க்கதை என்பது படத்தைப் பார்த்தால் தெரிந்தது. மற்றதெல்லாம் குத்துமதிப்பு.

பேய்களும் எவ்வளவு நல்ல பேய்கள்! முறை வைத்துத்தான் சண்டை. நாம் ஒரு அடி, அது ஒரு அடி. நம் முறை வந்தால் நாம் அடிக்கும்வரை அது காத்திருக்கும். அத்தை கூப்பிட்டால் கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கிக் கொடுத்துவிட்டு வரலாம். வாயைப் பிளந்தபடி அங்கேயே நின்றிருக்கும்.

இந்தக் காலத்துப் பேய்களுக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. கண் மூடித் திறப்பதற்குள் குதறிவிடுகின்றன.

அந்த முதல் பாகத்தில் ஒருத்தி வருவாள். வெள்ளை முக்காடு. கையில் விளக்கு. முகம் இருக்கவேண்டிய இடத்தில் நான்கு கட்டம்.

மாதா என்று சொன்னது ஜெரால்டுதான். தெருமுனைக் கெபியின் கல்குகைக்குள் நிற்பவளும் முக்காடுதான் போட்டிருந்தாள். வேறு யாராக இருக்க முடியும்?

மாதா முன்னால் போய் நின்றால் திரையில் ஏதோ கேட்கும். மேல் வரியை அழுத்தினால் மணி அடிக்கும். அதற்குப் பிறகு எந்தக் காட்டில் செத்தாலும் அவள் காலடியில் உயிரோடு எழுந்துவிடலாம்.

அது ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் இடம் என்று இருவருக்கும் தெரியாது. செத்தவர்களை எழுப்புகிறாள் என்றுதான் தெரியும்.

அம்மா மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த கோடை அது.

அத்தை அடுக்களைக்குள் அழுதாள். அப்பாவின் போன் வந்தால் பிள்ளைகளைக் கொல்லைக்கு விரட்டினாள். கொல்லைக்குப் போனால் காது கேட்காதா? எல்லாம் கேட்டது.

அதன் பிறகு அவர்கள் சண்டைக்கே போகவில்லை. ஆட்டத்தைப் போட்டதும் நேரே மாதாவிடம் போவார்கள். டிவியின் தலையில் ஒரு மெழுகுவர்த்தி. சிலுவை போட்டுக்கொள்வார்கள். மேல் வரியை அழுத்துவார்கள்.

மணி அடித்ததும் இருவருக்கும் ஒரே வேண்டுதல்.

அம்மா வந்தாள்.

பாதியாக இளைத்து, முடியெல்லாம் கொட்டி, ஆனால் வந்துவிட்டாள். வந்தவள் முதல் வேலையாக டிவியில் ஒட்டியிருந்த மெழுகைக் கரண்டியால் சுரண்டினாள். யார் பார்த்த வேலை இது என்று கேட்டாள். இருவரும் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை.

அந்தக் கோடையைப் போலப் பயந்ததும் இல்லை, அதைப் போல ஒன்றாக இருந்ததும் இல்லை. தங்கைக்கு இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருந்தது.

இரண்டாம் பாகத்தில் மாதாவுக்கு முகம் வைத்துவிட்டார்கள். வாயில் நுழையாத ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். தலைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றில் ஆடுகிறது. போதாததற்கு ஒரு பிளாஷ்பேக். ஊர்ப் பிள்ளைகளைத் தின்றவளாம். விளக்கின் முன்னால் வந்து நின்ற பிள்ளைகளின் உயிரில் ஆளுக்கொரு துண்டு கிள்ளி எடுத்துக்கொண்டாளாம்.

அவளிடம் போய் நிற்கும் வேலையும் இனி இல்லை. ஆட்டம் தன்னைத் தானே சேமித்துக்கொள்கிறது.

"அப்ப நம்மகிட்டயும் கிள்ளியிருக்கா" என்றான் ஜெரால்டு. சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

கிள்ளினால் கிள்ளிவிட்டுப் போகட்டும் என்று தங்கைக்குத் தோன்றியது. கேட்டிருந்தால் அந்த வயதில் முழுசாகவே கொடுத்திருப்பாள்.

கடைசிச் சண்டை மாதாவோடுதான்.

ஜெரால்டின் கட்டைவிரல்கள் பழைய வேகத்தில் ஓடின. விளக்கு உடைந்தது. முக்காடு கிழிந்தது. மாதா முழங்காலில் விழுந்தாள். காற்று நின்றது. இசை நின்றது. திரையின் கீழே ஒரு பொத்தான் மின்னியது.

அதை அழுத்தினால் அவள் தலை போகும். ஆட்டம் முடியும். வேறு வழி வைக்கவில்லை.

ஜெரால்டு கன்ட்ரோலரைத் தங்கையிடம் நீட்டினான்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அம்மா அவித்த பனங்கிழங்குத் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். ஒரு கிழங்கை எடுத்து நார் உரித்தபடியே திரையைப் பார்த்தாள்.

"பாவம், முழங்கால் போட்டுக் கெடக்கா. இவள என்ன செய்யணும்?"

"கொல்லணும்மா. கொன்னாதான் முடியும்" என்றான் அண்ணன்.

"ஏன், உங்கள என்ன செஞ்சா?"

ஜெரால்டு அம்மாவின் நரைத்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாங்க கேட்டதக் குடுத்தாம்மா."

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிழங்கை ஒடித்து ஆளுக்கொரு பாதியாக நீட்டினாள்.

"பின்ன எதுக்குய்யா கொல்லணும்?"