பாலம் மட்டும்

வெள்ளம் எறும்புப் புற்றின் தானியத்தை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. குஞ்சுகள் பசியில் துவண்டு கிடந்தன. மிஞ்சியது ஓடையின்மேல் கிடந்த மூங்கில் பாலம்தான். அதை நண்டுக்குக் குத்தகைக்கு விடத் தலைவி செம்பி முடிவு செய்தாள்.

"பத்து மழைக்காலம் பாலம் எனக்கு. கடக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு நெல் தர வேண்டும். என் வளையிலுள்ள நெல் முழுவதும் இன்றே உங்களுக்கு" என்றது நண்டு. "ஆனால் வேறு வழியில் யாரும் ஓடையைக் கடக்கக் கூடாது."

செம்பி குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும், "பாலத்தைத்தான் தருகிறேன், நண்டாரே. ஓடையைத் தரவில்லை" என்றாள்.

"நீந்தத் தெரியாதவளுக்கு ஓடை எதற்கம்மா? வைத்துக்கொள்!" என்று சிரித்தபடி நண்டு நெல்லை அளந்து கொடுத்தது. குஞ்சுகள் பிழைத்தன.

அடுத்த மழைக்கு நண்டு கட்டணத்தை மூன்று நெல்லாக உயர்த்தியது. செம்பி கரையோர நாணலைப் பற்றிக்கொண்டு தண்ணீர்மேல் நீண்டாள். அவள் காலை ஒருத்தி பற்றினாள், அவள் காலை இன்னொருத்தி. எறும்புச் சங்கிலி அக்கரையைத் தொட்டது. அதன்மேல் மற்றவர்கள் இரையோடு நடந்தார்கள்.

நண்டு கரைக்கு ஓடி வந்தது. "தலைவியம்மா, கையை விட்டுவிட்டு வாருங்கள். பழைய கட்டணமே போதும்."

"கொஞ்சம் பொறுங்கள், நண்டாரே" என்றாள் செம்பி. "கடைசி ஆள் கடக்கட்டும்."