பேச்சு அவள் இலாகா

பக்கத்து வீட்டு வாத்தியார் காலி பெயிண்ட் டப்பாவின் மேல் ஏறி நின்றார்.

நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வேடிக்கையெல்லாம் பார்க்கவில்லை, கண் அந்தப் பக்கம் போனது, அவ்வளவுதான்.

அந்த டப்பா அவர் மனைவியுடையது. அவள் குள்ளம். அதைக் கவிழ்த்துப் போட்டு ஏறினால்தான் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதிலுக்கு மேல் அவள் மூக்கு தெரியும். மூக்கு வந்தால் போதும், பின்னாலேயே வாய் வந்துவிடும்.

வாத்தியாரோ ஒட்டடைக்கம்பு. டப்பாவே வேண்டியதில்லை. ஏறியதும் இடுப்பு வரை மேலே வந்து, ஓட்டுக் கேட்க வந்த வேட்பாளர் மாதிரி நின்றார்.

ஈரத்துண்டால் வாயை மூடிக்கொண்டேன்.

பொருளாதாரம் நடத்துகிறவர். குடிவந்த நாளிலிருந்து தெருவில் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. ஏன் சார் என்று ஒருமுறை கேட்டதற்கு எனக்கே பாடம் எடுத்தார்.

"வேலைப் பிரிவினைங்க. பேச்சு அவ இலாகா."

ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக்கொண்டால் இருவருக்கும் லாபமாம். கரண்ட் பில் அவர், ஊர்வம்பு அவள். மதிலடியில் எனக்கும் அவளுக்கும் பண்டமாற்று நடக்கும்: ஒரு சேதிக்கு ஒரு சேதி. அவர் வாசலில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருப்பார். வீட்டுக்குள் இவள் சுவரோடுதான் பேசுகிறாள் போல என்று நான் பரிதாபப்பட்டதுண்டு.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அவள் போய்விட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார். கிடைத்திருந்தால் அதற்கும் ஓர் ஆளைப் போட்டிருப்பார். பிறகு யாரும் வரவில்லை. அந்த வீட்டில் இப்போது வாய் திறப்பது குக்கர் மட்டும்தான்.

என் பாடு மட்டும் என்ன வாழ்ந்தது? சரக்கு மலையாகத் தேங்கிவிட்டது. தெருக்கோடி வரை கொண்டுபோய்ப் பார்த்தேன். அவனவன் காதில் எதையோ செருகிக்கொண்டு போகிறான். என் வீட்டிலோ டிவி பேசும், நான் கேட்க வேண்டும்.

டப்பா ஆடியது. வாத்தியார் மதிலைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார், அவள் பார்ப்பது போலவே. குரலைத் தாழ்த்தினார், அதுவும் அவளைப் போலவே.

"அக்கா, விஷயம் தெரியுமா? தையல்கடைக்காரர் பொண்ணு, அந்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரோட சுத்துதாம். வெளிய மூச்சு விட்டுடாதீங்க."

என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்காவாம்.

சொல்லிவிட்டுக் காது சிவக்க நின்றார். விலைபோகுமா போகாதா என்று என் முகத்தையே பார்த்தார்.

அந்தப் பெண்ணுக்கும் மாஸ்டருக்கும் கல்யாணமாகி, பையன் பள்ளிக்கூடம் போகிறான்.

அதைவிட, அது என் சரக்கு. இதே மதிலில் அவளுக்கு நான் சொன்னது. அந்த 'மூச்சு' உட்பட ஒரு வார்த்தை சிந்தாமல் என்னிடமே திரும்பி வந்திருக்கிறது.

துண்டைக் கொடியில் போட்டுவிட்டு மதிலை ஒட்டிப் போய் நின்றேன்.

"அடக் கடவுளே! எப்பலேருந்து?"