ஏழு பழுப்பு மாத்திரைகள்

கருத்தடை மாத்திரை அட்டையின் கடைசி வரிசையில் இருந்த ஏழு பழுப்பு மாத்திரைகளைப் போன மாதம் ரூபாவதிக்குக் கத்தரித்துக் கொடுத்தவள் நவமணிதான். பனியன் கம்பெனியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மிஷின். லாரி ஓட்டும் புருஷன் ஒரு வாரம் வீட்டில் இருப்பான், மூன்றாவதைத் தாங்க உடம்பில் சக்தியில்லை என்று ரூபாவதி கையைப் பிடித்துக் கேட்டாள். நிறம் அடர்ந்த மாத்திரைக்குத்தான் வீரியம் கூட என்று நவமணி நம்பியிருந்தாள்.

இன்று காலை புது அட்டையைக் கொடுத்த நர்ஸ், பழுப்பு வரிசையைத் தொட்டுக் காட்டினாள். "இது வெறும் இரும்புச்சத்து. தடுக்கிறது வெள்ளை இருபத்தொண்ணுதான். அதை விடாம முழுங்கினவங்களுக்கு இந்த ஏழு நாளும் பயமில்ல."

நவமணிக்குப் பயமில்லை.

மதியத்துக்குள் அவள் மிஷினில் இரண்டு ஊசி ஒடிந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று திரும்பும்போதெல்லாம் ரூபாவதி குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். டீ நேரத்தில் அவளே வந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

"நல்ல மாத்திரை குடுத்தீங்கக்கா. ஒடம்புல தனித் தெம்பு வந்துருக்கு."

நவமணி டம்ளரைக் கீழே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"நாள்கூட பத்து நாளாத் தள்ளிப்போகுது. அதுவும் அந்த மாத்திரையோட வேலைதானேக்கா?"