வரிசையில் நின்ற கோபம்

"வேலையை விட்டுத் தூக்குன ஆளு எப்படிம்மா லோடு இறக்குவான்?"

கேட்டபடியே கதவை அறைந்துகொண்டு உள்ளே வந்தார் இளையபெருமாள். காரைக்காலில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருப்பவர். சைக்கிளில் ஐஸ் சுமந்த காலத்திலிருந்து பேரம் பேசிப் பேசியே மேலே வந்தவர். உட்கார்ந்து பேசத் தெரியாது.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சிவப்ரியா எழுந்து நின்றாள். அம்பகரத்தூர்ப் பெண். டிரைவர்களுக்கு லோடு விவரம் அனுப்பும் ஆப் அவள் எழுதியதுதான்.

"யாரு சார்?"

"நம்ம டிரைவர் மாரிக்கண்ணுதான். பட்டினத்துல காஜா நஜ்முதீன் பாய் இறாலைப் பொட்டியில கொட்டி வெச்சுக்கிட்டு ஐஸுக்குத் தவிக்கிறாரு. இவன் எங்கயோ ஊர் சுத்துறான். போன்ல காது கிழிய ஏசுனேன். ஆத்திரம் அடங்கலை. 'சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ'ன்னு ஆப்லயும் அனுப்புனேன். இப்ப அவன்கிட்டேர்ந்து 'லோடு இறக்குறேன்'னு வருது! எவ்வளவு திமிரு?"

"அவருக்கு இன்னும் அது போயிருக்காது சார்."

"டிக் விழுந்துச்சே!"

"அது வரிசையில சேர்ந்ததுக்கான டிக்."

"வரிசையா? இது என்ன ரேஷன் கடையா?"

சிவப்ரியா விளக்கினாள்.

"நீங்க அனுப்புறது நேரா டிரைவர் போனுக்குப் போகாது சார். நடுவுல சர்வர்ல ஒரு வரிசை இருக்கு, அதுல போய் நிக்கும். வரிசையில போடுறதுக்கும் எடுக்கிறதுக்கும் ரெடிமேடா ஒரு புரோகிராம் தொகுப்பு கெடைக்குது, லைப்ரரின்னு சொல்வாங்க. அதைத்தான் ஆப்ல சேர்த்திருக்கேன். டிரைவர் போன் அதை எடுத்து 'வாங்கிட்டேன்'னு பதில் சொன்னாத்தான் வரிசையை விட்டுப் போகும். சிக்னல் இல்லாத எடத்துல வண்டி நின்னாலும் ஒரு லோடு விவரமும் தொலையாது."

"நல்லதுதான். அப்ப இது மட்டும் ஏன் போகலை?"

"லோடு விவரம் உடனே போயிடும் சார். வேலைய விட்டுப் போற பேச்சா இருந்தா..." அவள் குரல் இறங்கியது. "அரைமணி நேரம் நிறுத்தி வெக்கிற மாதிரி எழுதிட்டேன்."

"யாரைக் கேட்டு? என் ஃபேக்டரி, என் வாய், என் கோவம். அதுக்கு நீ பூட்டு போடுவியா?"

"கோவத்துல அனுப்பிட்டு, கொஞ்ச நேரத்துல நீங்களே ஆப்ல 'திரும்ப எடு' பட்டனை அமுக்கிடுறீங்க. அதுக்குள்ள டிரைவருங்க மனசு எதுக்கு நோகணும்னு..."

"அமுக்குவேன், அமுக்காமயும் இருப்பேன். அது என் இஷ்டம். இப்பவே அவனுக்குப் போகணும். தள்ளி விடு!"

அவர் போன் அடித்தது. காஜா நஜ்முதீன்.

"அண்ணே, ஐஸ் வந்துருச்சு. அல்ஹம்துலில்லாஹ், இறால் தப்பிச்சுது. மெயின் ரோட்டுல லாரி கவுந்து கெடக்காமுல்ல? உங்க ஆளு போலகம் பக்கம் வயக்காட்டு ரோட்டுல புகுந்து வந்திருக்காரு. சுமை ஆளுங்களுக்குக்கூடக் காத்திருக்கலை, அவரே தோள்ல தூக்கி எறக்குறாரு. நல்ல ஆளா புடிச்சு வெச்சிருக்கீங்க."

இளையபெருமாள் போனைக் காதிலிருந்து எடுத்தார். ஆப்பைத் திறந்து 'திரும்ப எடு'வை அழுத்தினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாத்துக்கிட்டியா? வாய்தான் கெட்டது, மனசு அப்படி இல்ல. மன்னிச்சு உட்டுட்டேன். இந்த டிரைவர் பயலுவ எல்லாம் நான் மன்னிக்கிறதாலதான் பொழப்பு நடத்துறானுவ."

"சரிங்க சார்."

"ஆனா அந்த அரைமணி வித்தையெல்லாம் எனக்கு வேணாம். என் பேச்சு சொன்ன ஒடனே போகணும். தூக்கிடு அதை."

"தூக்குனா ரெண்டு பக்கமும் தூக்கணும் சார்."

"ரெண்டு பக்கமா?"

"உங்ககிட்டேர்ந்து போறது மட்டும் நிக்கலை. உங்களுக்கு வர்றதும் அப்படித்தான் நிக்குது."

திரையை அவர் பக்கம் திருப்பினாள். மாரிக்கண்ணு பெயரில் ஒரு செய்தி.

'இதான் கடைசி லோடு. வண்டியக் கொண்டாந்து விட்டுட்டுப் போறேன், வேற ஆளப் பாத்துக்குங்க. இந்த ஏச்சு இனிமே கேக்க முடியாது.'

பக்கத்தில் மிச்ச நேரம் குறைந்துகொண்டே இருந்தது. இன்னும் சில நிமிஷம்தான்.

இளையபெருமாள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குப் பாய் அவனைத்தானே கேப்பாரு? அவனை உட்டா அந்த வண்டிய யாரும்மா எடுப்பா? இதை அழிச்சிடு."

"என்னால முடியாது சார். அனுப்புனவருதான் எடுக்கணும்."

மாரிக்கண்ணுக்குப் போன் போட்டார். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். வாசல் வரை போனார், திரும்பி வந்தார், திரையைப் பார்த்தார், மறுபடி வாசலுக்குப் போனார்.

"சார்!"

ஓடிவந்தார். திரையில் அந்தச் செய்தியைக் காணவில்லை.

"என் போனுக்கு வந்துடுச்சா?" சட்டைப் பையைத் தடவினார்.

"இல்ல சார், திரும்ப எடுத்துட்டாரு. எப்பவும் நீங்க உங்க மெசேஜை எடுக்கிறதுக்கு முன்னாடியே அவரு அவரோடதை எடுத்துடுவாரு. இன்னிக்கு ஐஸ் எறக்கிட்டிருந்ததால கொஞ்சம் லேட்டு."