பின் அட்டை முழுப் பக்கம்

ஆறு மாதம் துரத்தியும் பிடிகொடுக்காத நாற்காலிக் கடைக்காரம்மா இன்று தானாகவே வந்து உட்கார்ந்ததும், வக்கீல் சங்க மாத இதழின் விளம்பர மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை.

“பின் அட்டை முழுசும் எனக்கு வேணும்,” என்றார் அந்த அம்மா.

“தர்றேம்மா. நாலாயிரம் வக்கீலுங்களுக்குப் போகுது. எந்நேரமும் உட்கார்ந்தே வேலை பார்க்கறவங்க. நாற்காலி பிச்சுக்கிட்டுப் போகும் பாருங்க.”

“எல்லாரும் பார்ப்பாங்களா?”

“பார்க்கலைன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது.”

“கடைசி நேரத்துல தூக்கிட மாட்டீங்களே?”

“ஒப்பந்தத்துல கையெழுத்தாயிட்டா யார் சொன்னாலும் பக்கம் மாறாது. எங்க தலைவரே உட்கார்ந்து எழுதின விதி. ஓட்டையே கிடையாது.”

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சங்கத்தின் முத்திரையும் விழுந்தது. அதன்பிறகுதான் அந்த அம்மா கைப்பையிலிருந்து விளம்பர வாசகத்தை எடுத்து நீட்டினார்.

‘வக்கீல் தேவை. என் கடை வாசலை மறித்து ஒருவர் சுவர் எழுப்பியிருக்கிறார். பதினொரு வக்கீல்களிடம் போனேன். அவர் யாரென்று தெரிந்ததும் வழக்கை எடுக்க மறுத்துவிட்டார்கள். அவர் இந்தச் சங்கத்தின் தலைவர்.’

மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். “இதை எப்படிம்மா போடுறது?”

“விதி எழுதினவர்கிட்டயே கேட்டுக்குங்க.”

“இந்த மாசம் முன் அட்டையில அவர் படம் வருதும்மா.”

“தெரியும். அதுக்காகத்தான் ஆறு மாசம் காத்திருந்தேன். முன்னாடி அவர் சிரிக்கட்டும். பின்னாடி நான் கேக்குறேன்.”